நீலச் சாயம் மருந்தாகும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளுக்கோஸும் சோடியம் ஹைட்ராக்சைடும் கரைத்த நீரில் இரண்டு சொட்டு மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் விட்டு, குடுவையை அப்படியே வைத்தால் நிறம் போய்விடும். குலுக்கினால் மறுபடி நீலம். சாயம் குளுக்கோஸிடம் எலக்ட்ரான் வாங்கி வெளுக்கிறது; காற்றின் ஆக்சிஜனிடம் அதைக் கொடுத்து நீலமாகிறது. உடம்புக்குள்ளும் இதே கொடுக்கல் வாங்கல்தான். இதை மறந்து, 'ஆன்டிஆக்சிடன்ட், நல்லதுதானே' என்று இந்தச் சாயத்தைச் சொட்டு சொட்டாகக் குடிப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள்.

சரி, மருத்துவர்கள் எதற்குக் கொடுக்கிறார்கள்? ஹீமோகுளோபினின் இரும்பு ஒரு எலக்ட்ரானை இழந்து மெத்தீமோகுளோபின் ஆனால் ஆக்சிஜனைச் சுமக்காது. உதடு நீலம் பூக்கும். அப்போது உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் சாயத்தை மெதுவாக ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். சிவப்பணுவிலுள்ள என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு தரும் எலக்ட்ரானை அது வாங்கி இரும்பிடம் சேர்க்கும். நீலம் பூத்தவரை நீலச் சாயம் மீட்கிறது!

நல்லதென்று கூட்டிக் கொடுத்தால் கதை தலைகீழ். கிலோவுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டினால், சாயமே இரும்பிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து அதே நோயை உண்டாக்கக்கூடும். என்ஏடிபிஹெச் உருவாக உதவும் ஜி6பிடி நொதியில் குறைபாடு உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே ஆபத்து: என்ஏடிபிஹெச் போதாமல் மருந்து வேலை செய்யாது, சிவப்பணுக்களும் உடையலாம். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். மூளையில் செரட்டோனினைச் சிதைக்கும் நொதியை இந்தச் சாயம் தடுப்பதால், இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் இதை எச்சரித்தது.

'1891இலேயே ஜெர்மன் மருத்துவ விஞ்ஞானி பால் எர்லிக் மலேரியாவுக்குக் கொடுத்த மருந்தாயிற்றே' என்பார்கள். பழசு என்பதால் பாதுகாப்பானது ஆகிவிடாது. அப்புறம், மீன்தொட்டிக்கும் ஆய்வகத்துக்கும் விற்கும் புட்டி மனிதருக்கான மருந்தல்ல. அதில் உலோகக் கசடு இருக்கலாம்.

ஆய்வு மாணவர்கள் சறுக்குமிடம் வேறு: ஒரு மருந்து செல்களைக் கொல்கிறதா என்று பார்க்கும் சோதனை. உயிருள்ள செல்கள் மஞ்சள் எம்டிடி சாயத்தை ஊதாவாக்கும். ஊதா அடர்ந்தால் செல்கள் பிழைத்தன என்று எழுதுவோம். எலக்ட்ரான் தரும் மூலக்கூறைச் சோதித்தால், அதுவே எம்டிடியை ஊதாவாக்கிவிடலாம். செத்த செல்லும் பிழைத்ததாகத் தெரியும். ஆய்வுத் தட்டில் செல்லே இல்லாத ஒரு குழியில் மருந்தையும் எம்டிடியையும் மட்டும் விட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.