நோட்டுக்கு நோட் வெலாசிட்டி அடிக்காதீர்கள்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் சேலத்து பாடகர் குழுப் பிள்ளைகள் லேப்டாப்போடு வந்துவிடுவார்கள். "அண்ணா, நோட் எல்லாம் சரிதான், ஆனா பிளே பண்ணா மெஷின் மாதிரி இருக்கு." டைனமிக் குறி (எவ்வளவு சத்தமாக என்று சொல்லும் குறி) இல்லையென்றால், இசைக்குறிப்பு எழுதி வாசித்துக் காட்டும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் எல்லாவற்றையும் மெஸோ ஃபோர்ட்டேவாக, அதாவது நடுத்தரச் சத்தத்தில், 80 வெலாசிட்டியில் வாசிக்கும். வெலாசிட்டி என்பது நோட்டை எவ்வளவு ஓங்கி அடிப்பது என்ற எண், உச்சம் 127. இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு அப்புறம் செய்வதுதான் வினை.

நோட்டில் நேரடியாக எண் போடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். ஏற்காட்டுத் தம்பி ஒருவன் நான்கு குரலுக்கு ஒரு கீதம் எழுதியிருந்தான். அதில் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) அமுங்கிக் கேட்டது. ஆல்டோ வரி முழுவதையும் தேர்ந்தெடுத்து, இன்ஸ்பெக்டர் என்ற அமைப்புப் பலகையில் வெலாசிட்டி வகையை 'யூசர்' ஆக்கி 100 அடித்தான். கேட்க ஜோராக இருந்தது. ஒத்திகையில் குழுத்தலைவர் இரண்டாம் சரணத்தை அடக்கிப் பாட வேண்டும் என்றார். தம்பி p குறி (பியானோ, 'மெதுவாக' என்று அர்த்தம்) போட்டான். மற்ற மூன்று குரலும் 49க்கு இறங்கின, ஆல்டோ மட்டும் 100இல் நின்று கத்தியது. 'யூசர்' என்று வைத்துவிட்டால் அந்த எண் எந்தக் குறிக்கும் மசியாது. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டாகக் குறைத்தான். இத்தனைக்கும் அந்த எண்களில் ஒன்றுகூட அச்சுத்தாளில் வராது. பாடுகிறவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

குரல்களின் சமநிலைக்கு மிக்ஸரில் வால்யூமைத் தொடுங்கள். வெலாசிட்டியைக் கூட்டினால் சத்தம் மட்டும் கூடாது. நல்ல சவுண்ட்ஃபாண்ட் (வாத்திய ஒலிகளின் கோப்பு) என்றால் பியானோ வாத்தியத்தின் தொனியே ஓங்கி அடித்தது போல மாறிவிடும். ஒரு நோட்டை மட்டும் தூக்க வேண்டுமா? 'ஆஃப்செட்' வகையிலேயே விட்டு 10 போடுங்கள். அது சதவீதக் கணக்கு: 80 இருந்தால் 88, 49 இருந்தால் 53. குறி இறங்கினால் இதுவும் கூடவே இறங்கும். இங்கே சொல்வதெல்லாம் மியூஸ்ஸ்கோர் 3இன் கணக்கு. என்னிடம் வரும் பழைய லேப்டாப்களில் இன்னும் அதுதான் ஓடுகிறது.

இடக்கையை அடக்கப் போய் வலக்கையும் அடங்குவது

பியானோவின் இரண்டு கை வரிகளும் ஒரே பார்ட். டைனமிக் குறியின் வீச்சு 'பார்ட்' என்று இருக்கும். அந்த ஒரு வரிக்கு மட்டும் போக 'ஸ்டாஃப்' என்று மாற்றுங்கள்.

நீட்டிப் பிடித்த ஒற்றைப் பியானோ நோட்டில் கிரெஸெண்டோ (சத்தம் படிப்படியாக ஏறுவது)

நடக்காது. சுத்தியல் ஒருமுறைதான் அடிக்கும்.

எடுத்தவுடன் 127

வேண்டாம். ஃபோர்ட்டே ('சத்தமாக') மூன்று, அதாவது fff, போட்டாலே 126தான். பல்லவியிலேயே அதைச் செலவழித்துவிட்டால் கடைசிச் சரணத்துக்கு எங்கே ஏறுவீர்கள்?