வறண்ட சருமத்தைப் பேணுவது எப்படி?

முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தில் நகத்தால் மெல்ல ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு வெள்ளையாக விழுந்து சற்று நேரம் மறையாமல் நின்றால், அங்கே சருமம் வறண்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வறட்சி முதலில் தலைகாட்டும் இடங்களுள் அது ஒன்று. அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு. முகத்தில் எண்ணெய் வழிகிறவர்களுக்கும் கால்களில் செதில் உதிர்வது இதனால்தான். ஆகையால் தமக்கு எண்ணெய்ப் பசைச் சருமம் என்று நம்பி யாரும் அலட்சியமாக இருந்துவிட முடியாது.

சருமத்தின் மேலடுக்கைத் தோல் மருத்துவர்கள் செங்கல் சுவருக்கு ஒப்பிடுவார்கள். இறந்து தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே நிறைந்திருக்கும் செராமைடு என்ற கொழுப்புப் பொருள், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்து. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்த பெரும்பாலான இடங்களில் ஒரு தலைமுடியைவிட மெல்லியதாக இருக்கும் இந்தச் சுவர்தான் உடலின் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் காக்கிறது. சாந்து கரையக் கரைய ஈரம் கசிகிறது. மேலடுக்கின் நீர்ச்சத்து ஏறத்தாழ 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது செல்கள் விறைத்து, ஓரம் தூக்கிக்கொண்டு, பொடிப்பொடியாக உதிரத் தொடங்குகின்றன. ஆகவே வறட்சி என்பது நீர் போதாத குறை என்பதைவிட, இருக்கிற நீரைப் பிடித்துவைக்க முடியாத குறை. அதனால் சாந்தைக் கரைக்கும் பழக்கங்களை முதலில் நிறுத்த வேண்டும், பூசுவது அதற்கு அடுத்த வேலை. பலர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள்: விலையுயர்ந்த கிரீமை வாங்கிப் பூசிக்கொண்டே, காலையும் மாலையும் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கிறார்கள். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புகிற வேலை அது.

எனவே குளியலிலிருந்து தொடங்குவோம். எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரத்தை வெந்நீரில் கழுவினால் பிசுக்கு எவ்வளவு எளிதாக இளகிப் போகிறதோ, அவ்வளவு எளிதாகவே சருமத்தின் கொழுப்பும் இளகிப் போகும். முழங்கையை நனைத்தால் சூடு உறைக்காத வெதுவெதுப்பே போதுமானது. ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளியலை முடித்துக்கொள்ளுங்கள். வறட்சி மிகுந்த நாட்களில் ஒரு வேளைக் குளியலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அரிக்கிற காலில் வெந்நீர் விழும்போது சுகமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அரை மணி கழித்து அரிப்பு முன்னைவிட உக்கிரமாகத் திரும்பி வரும்.

சோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சருமத்தின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் குறிக்கும் பிஎச் அளவுகோலில் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) அது ஏறத்தாழ 5 இருக்கும். வழக்கமான சோப்புக்கட்டியின் பிஎச் 9 முதல் 10 வரை போகும். அழுக்கோடு சேர்த்துச் சாந்தையும் அது கரைத்துக்கொண்டு போவதால், குளித்ததும் தோல் இழுத்துப் பிடித்தது போன்ற ஓர் உணர்வு ஏற்படுகிறது. அந்த இறுக்கத்தைச் சுத்தத்தின் அடையாளமாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சருமத்தின் முறையீடு. மணம் சேர்க்காத, மென்மையான சோப்பில்லாக் கழுவியைத் தேர்ந்தெடுங்கள். அதையும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் போன்ற இடங்களுக்கு மட்டும் பயன்படுத்தி, கை கால்களுக்கு நீரே போதும் என்று விட்டுவிடலாம். நார் கொண்டு தேய்ப்பதையும் செதில்களை உரித்தெடுப்பதையும் அடியோடு தவிர்க்க வேண்டும்.

குளித்து முடித்ததும் வரும் சில நிமிடங்கள்தான் இந்தப் பராமரிப்பிலேயே மிக முக்கியமானவை. துண்டால் தேய்க்காமல், ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள். தோல் முழுதும் உலர்ந்துவிடாமல், தொட்டால் சற்றுப் பிசுபிசுப்பாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசரைப் பூசிவிடுங்கள். குளியலில் தோல் உறிஞ்சிய நீரை வெளியேறும் முன் உள்ளேயே அடைத்துவைப்பதுதான் நோக்கம். நான் டப்பாவைக் குளியலறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அலமாரியில் வைத்திருந்த காலத்தில், உடுத்தி முடித்த பிறகு அதன் நினைவே பாதி நாள் வந்ததில்லை.

எதைப் பூசுவது என்பதில்தான் குழப்பம் அதிகம். நல்ல மாய்ஸ்சரைசர் மூன்று வேலைகளைச் செய்கிறது. கிளிசரின், யூரியா போன்றவை நீரை ஈர்த்துப் பிடிக்கின்றன. செராமைடும் கொழுப்புப் பொருள்களும் செல்களுக்கு இடையிலான விரிசல்களை நிரப்புகின்றன. பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திகோன் என்ற சிலிகோன் போன்றவை மேலே மூடியாக அமைந்து நீர் ஆவியாவதைத் தடுக்கின்றன. 1872-இல் ராபர்ட் சீஸ்ப்ரோ அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்தப் பழைய ஜெல்லிக்கு, மூடியாக அமைவதில் நிகரான பொருள் இன்றும் அரிது. பிசுபிசுப்புதான் அதன் ஒரே குறை. பொதுவாக லோஷனைவிடக் கிரீமும், கிரீமைவிடக் களிம்பும் வறட்சிக்கு மேலானவை, ஏனெனில் அந்த வரிசையில்தான் நீர் குறைந்து கொழுப்புக் கூடுகிறது. பகலில் கிரீமையும் இரவில் களிம்பையும் பூசுவது பெரும்பாலோருக்கு ஒத்துவரும். ‘மணமற்றது’ என்று எழுதியிருப்பதற்கும் ‘மணப்பொருள் சேர்க்கப்படாதது’ என்று எழுதியிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் மற்ற வாசனைகளை மறைப்பதற்காகவே ஒரு மணப்பொருள் சேர்த்திருக்கக்கூடும் என்பதால், பின்னதையே தேடி வாங்குங்கள். புதிதாக எதை வாங்கினாலும் முன்கையின் உட்பக்கத்தில் சில நாட்கள் பூசிப் பார்த்துவிட்டு உடலுக்குப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

அளவிலும் பலர் சிக்கனம் பிடிக்கிறார்கள். ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம் இருக்கும். அது வளர்ந்தவர் ஒருவரின், விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கைகளின் பரப்புக்கு வரும். இந்தக் கணக்கை வைத்து ஒரு காலுக்கு எவ்வளவு வேண்டும் என்று அளந்து பார்த்தால், இதுவரை நாம் பூசியது எவ்வளவு சொற்பம் என்பது தெரிந்துவிடும். முடி வளரும் திசையிலேயே, அழுத்தித் தேய்க்காமல் தடவுங்கள். ஓர் எச்சரிக்கை: இத்தகைய களிம்புகள் ஊறிய துணியும் படுக்கை விரிப்பும் எளிதில் தீப்பற்றும், அவற்றோடு அடுப்புக்கோ, எரியும் சிகரெட்டுக்கோ அருகில் போகக் கூடாது.

கைகளுக்குத் தனிக் கவனம் தேவை, ஏனெனில் அவைதான் நாளெல்லாம் நனைகின்றன. பாத்திரம் துலக்கும்போதும் துணி துவைக்கும்போதும் கையுறை அணியுங்கள். உள்ளே வியர்த்தால் அதுவும் கெடுதல் என்பதால் உட்புறம் மெல்லிய பருத்திக் கையுறை இருந்தால் நல்லது. ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் கிரீம் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது, கிளிசரின் கலந்த ஆல்கஹால் சானிடைசர் அடிக்கடி சோப்புப் போடுவதைவிடச் சருமத்தைக் குறைவாகவே வறட்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஏற்கெனவே வெடித்த கையில் மட்டும் அது எரியும்.

குதிகாலில் தோல் தடித்திருப்பதால் சாதாரணக் கிரீம் உள்ளே இறங்காது. 20 சதவீதமோ அதற்கு மேலோ யூரியா உள்ள கிரீமை இரவில் தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு தூங்கினால், சில நாட்களில் தடிப்பு இளகத் தொடங்கும். திறந்த வெடிப்பில் யூரியா எரியும், அங்கே வெறும் ஜெல்லி போதும். உதட்டை நாவால் ஈரப்படுத்தும் பழக்கம் வறட்சியை வளர்க்கவே செய்யும். கற்பூரமும் மென்தாலும் கலந்த தைலங்களை விட்டுவிட்டு, அங்கும் ஜெல்லியையே தடவுங்கள்.

ஹீட்டரும் ஏசியும் அறைக் காற்றை உலர்த்துகின்றன. ஈரப்பதமூட்டி இருந்தால் அறையின் ஈரப்பதத்தை 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பூஞ்சை வரும். கம்பளி உடலில் நேரடியாகப் படாமல் உள்ளே பருத்தி உடுத்துங்கள். நிறையத் தண்ணீர் குடித்தால் வறட்சி போய்விடும் என்ற அறிவுரை எங்கும் கேட்கிறது. போதுமான அளவு குடிக்கிறவருக்கு, கூடுதலாகக் குடிப்பதால் சருமத்தில் பெரிய மாற்றம் வந்துவிடாது.

இவ்வளவும் செய்து இரண்டு வாரங்களாகியும் மாற்றமில்லை என்றாலோ, அரிப்பினால் தூக்கம் கெட்டாலோ, தோல் சிவந்து நீர் வடிந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவையும், நீர் பிரிக்கும் மாத்திரைகள் போன்ற சில மருந்துகளும் வறட்சியாக வெளிப்படுவதுண்டு. யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு களிம்பைத் தாமாக வாங்கிப் பூசக் கூடாது. நீண்ட நாள் பூசினால் அது தோலையே மெலியச் செய்யும். நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தைத் தினமும் பார்வையிட்டு, விரலிடுக்குகளை மட்டும் உலர்வாக விட்டு மற்ற இடங்களில் கிரீம் பூச வேண்டும். சிறிய வெடிப்பு ஒன்று தென்பட்டாலும், வலிக்காவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.