இயங்குதளம் மாறுவதும் கணினியை மேம்படுத்துவதும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

கணினி திணறத் தொடங்கியதும் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்ற எண்ணமும், வாங்குவதுதான் வாங்குகிறோம், இந்த முறை வேறு இயங்குதளத்துக்கே (விண்டோஸ், மேக், லினக்ஸ் போன்றவற்றில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு) போய்விடலாமே என்ற எண்ணமும் பலருக்கு ஒன்றாகவே எழுகின்றன. இவை இரண்டும் வெவ்வேறு முடிவுகள். இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டால், பிறகு ஏதேனும் ஒன்று சரியாக இயங்காதபோது, குறை புதிய கணினியில் இருக்கிறதா, புதிய இயங்குதளத்தில் இருக்கிறதா, அல்லது நமக்கு இன்னும் பழகவில்லையா என்று பிரித்தறிய முடியாமல் போகும். ஆகவே, மேம்படுத்துவது தேவையா என்பதை முதலிலும், இயங்குதளம் மாறும் முறையைப் பின்னரும் பார்ப்போம். எல்லாவற்றிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முதலில் மென்பொருள்களை மாற்றுங்கள், இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள்.

படி 1: எது திணறுகிறது என்று பாருங்கள்

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரும் லினக்ஸில் சிஸ்டம் மானிட்டரும் இதே வேலையைச் செய்கின்றன. கணினி திணறும் அந்த நேரத்திலேயே இதைத் திறந்து, பிராசஸர், நினைவகம், வட்டு ஆகிய மூன்றில் எது தன் எல்லையைத் தொட்டு நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இப்படிக் குறித்தால் காரணம் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

வட்டுதான் எப்போதும் முட்டி நிற்கிறது, அதுவும் சுழலும் வன்தட்டு என்றால், புதிய கணினி வாங்கும் எண்ணத்தைச் சற்றே தள்ளி வையுங்கள். சுழலும் தட்டில் ஒவ்வொரு கோப்பையும் படிக்கும் முனை உரிய இடத்துக்கு நகர வேண்டியிருப்பதால் ஒவ்வொரு முறையும் சில மில்லி வினாடிகள் கழிகின்றன. கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுவதால் அந்தச் சிறு காத்திருப்புகள் சேர்ந்து நிமிடக்கணக்காகின்றன. நகரும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. என்ற வகை வட்டைப் பொருத்தினால் அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். பழைய கணினி ஒன்றுக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் இதைவிடப் பயன் தருவது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

நினைவகம் நிரம்பினால் இயங்குதளம் வட்டின் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். திணறல் அதனால் வருகிறது. 4 ஜி.பி. ரேம் (நினைவகம்) உள்ள கணினியில் அதை 8 ஜி.பி. ஆக்குவது பெரும் மாற்றத்தைத் தரும். ஆனால் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், வாங்குவதற்கு முன் உங்கள் மாடலில் அதை மாற்ற இயலுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிராசஸர்தான் காரணம் என்றால், முதலில் மின்விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சூடேறிய பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

படி 2: ஆதரவுக் காலத்தைச் சரிபாருங்கள்

கணினி எத்தனை ஆண்டு பழையது என்பதைவிட, அதன் இயங்குதளத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இன்னும் வருகின்றனவா என்பதே முதன்மையான கேள்வி. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. ஆதரவு முடிந்த மறுநாளும் கணினி முன்போலவே இயங்கும். அதனால்தான் பலர் கவலைப்படுவதில்லை. ஆனால் அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டையும் அடைபடாமலேயே இருக்கும். சில காலம் கழித்து உலாவிகளும் கைவிடும்: கூகுள் குரோம் 2023ஆம் ஆண்டில் விண்டோஸ் 7ஐ விட்டு விலகியது.

விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, நம்பகமான மென்பொருளைக் கொண்டு மட்டுமே கணினியைத் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதி, 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பிடம் ஆகியவற்றோடு, மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இடம்பெற்ற பிராசஸரும் தேவை. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும். நல்ல நிலையில் உள்ள பல கணினிகள் இந்த வரையறையால் மட்டுமே வெளியே நிற்கின்றன. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் லினக்ஸ் உண்மையிலேயே நல்ல வழி. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியாகி, ஒவ்வொன்றும் ஐந்து ஆண்டுகளுக்கு ஆதரவு பெறுகின்றன. மேக்கைப் பொறுத்தவரை, ஆப்பிள் 2020இல் இன்டெல் சில்லுகளிலிருந்து தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியது. மேக்ஓஎஸ் 26தான் இன்டெல் மேக்குகள் சிலவற்றில் இயங்கும் கடைசிப் பதிப்பு என்பதையும் அது அறிவித்துவிட்டது.

படி 3: மேம்படுத்தும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

மேம்படுத்துவதற்கான காரணங்கள் மூன்று: பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன, அடுத்த பதிப்பை உங்கள் கணினி ஏற்கவில்லை; அல்லது உங்கள் வேலைக்குத் தேவையான மென்பொருள் இதில் இயங்க மறுக்கிறது; அல்லது மாற்ற இயலாத ஒரு பாகம் பழுதாகி வருகிறது. இம்மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் காத்திருங்கள். புதிய மாடல் வந்துவிட்டது என்பது ஒரு காரணமன்று.

முடிவெடுத்த பிறகும், முக்கியமான வேலை ஒன்றின் நடுவில் மாறாதீர்கள். இயங்குதளத்தின் புதிய பெரும்பதிப்பு வெளியான வாரத்திலேயே அதற்குத் தாவவும் வேண்டாம். உபுண்டுவே தன் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் பயனர்களுக்கு, அடுத்த பதிப்பின் முதல் திருத்த வெளியீடு வந்த பிறகுதான் மேம்படுத்துமாறு அறிவிப்புக் காட்டுகிறது. அந்த நிதானம் நமக்கும் ஏற்றது.

படி 4: மென்பொருள்களை அல்ல, வேலைகளைப் பட்டியலிடுங்கள்

வேறு இயங்குதளத்துக்கு மாறுவதென்று தீர்மானித்தவர்கள் ஒரு வாரம் குறிப்பேடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணினியில் செய்யும் ஒவ்வொரு வேலையையும் எழுதிவருமாறு கேட்டுக்கொள்கிறேன். “வேர்டு” என்று எழுதாமல் “இரண்டு பக்கக் கடிதம் எழுதி அச்சிடுவது” என்று எழுதுங்கள். முதல் வகைக் குறிப்பு உங்களை ஒரே மென்பொருளில் கட்டிப்போடும். இரண்டாவது, அந்த வேலையை வேறு எதனால் செய்யலாம் என்று தேட வைக்கும். அச்சுப்பொறி, ஸ்கேனர், மின்கையொப்பச் சாவி போன்ற வன்பொருள்களையும் அதில் சேருங்கள், ஏனென்றால் இயங்குதளம் மாறியபின் முதலில் தகராறு செய்பவை பெரும்பாலும் இவைதாம்.

பட்டியலில் ஒரே ஓர் இயங்குதளத்தில் மட்டும் கிடைக்கும் மென்பொருள் இருந்தால் அதை வட்டமிடுங்கள். போட்டோஷாப்புக்கும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் கணினிப் பதிப்புக்கும் லினக்ஸ் வடிவம் இல்லை. ஒயின் போன்ற இடைநிலை மென்பொருள்கள் விண்டோஸ் மென்பொருள்கள் பலவற்றை லினக்ஸில் இயக்குகின்றன என்றாலும், உங்கள் வருமானம் நம்பியிருக்கும் ஒரு மென்பொருளை அவற்றின் பொறுப்பில் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வட்டமிட்டது அப்படிப்பட்டது என்றால் அந்தக் கணினியை இருக்கும் தளத்திலேயே விட்டுவிடுங்கள்.

படி 5: பழைய தளத்திலேயே புதிய மென்பொருள்களுக்குப் பழகுங்கள்

பயர்பாக்ஸ் (உலாவி), தண்டர்பேர்டு (மின்னஞ்சல்), லிப்ரெஆபீஸ் (ஆவணங்கள்), வி.எல்.சி. (காணொளி), கிம்ப் (படத் திருத்தம்), இங்க்ஸ்கேப் (வரைகலை), ஆடாசிட்டி (ஒலித் தொகுப்பு) ஆகிய அனைத்தும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை இப்போதுள்ள கணினியிலேயே நிறுவி, ஒரு மாதம் அவற்றைக் கொண்டே எல்லா வேலைகளையும் செய்யுங்கள். ஏதேனும் ஒன்று கைகொடுக்காவிட்டால் பழைய மென்பொருள் பக்கத்திலேயே இருக்கிறது, வேலை நிற்காது. மாதம் முடியும்போது உங்கள் நாளில் பெரும்பகுதி இயங்குதளத்தைச் சாராததாக மாறியிருக்கும். மீதமிருப்பது சில பட்டிகளும் விசைகளும் மட்டுமே.

இந்த மாதத்தில் உங்கள் பழைய ஆவணங்களைத் திறந்து பாருங்கள். வேர்டில் செய்த ஆவணம் லிப்ரெஆபீஸில் வரிகள் இடம் மாறித் தெரிந்தால், பெரும்பாலும் எழுத்துரு இல்லாததே காரணம். கலிப்ரிக்கு ஈடாகக் கார்லிட்டோவும், ஏரியலுக்கு ஈடாக லிபரேஷன் சான்ஸும் ஒவ்வோர் எழுத்தின் அகலமும் ஒத்திருக்குமாறு வடிவமைக்கப்பட்டவை. அவற்றை நிறுவினால் பக்கங்கள் பழையபடி அமையும். எக்செலில் எழுதிய மேக்ரோக்கள் (வேலைகளைத் தானே செய்யும் சிறு நிரல்கள்) அப்படியே இயங்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

படி 6: தமிழ்க் கோப்புகளைத் தனியே கவனியுங்கள்

நான் முதன்முறை இயங்குதளம் மாறியபோது, பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்த கட்டுரைகளைத் திறந்ததும், பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரிந்தன. அவை பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த முறையில் கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே, எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எதுவும் அழியவில்லை என்று புரிவதற்குள் பட்ட வேதனையை இன்றும் மறக்கவில்லை.

ஆகவே, மாறுவதற்கு முன்பே பாமினி, டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களில் உள்ள கோப்புகளை எழுத்துரு மாற்றி என்ற மென்பொருள் கொண்டு, எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றுங்கள். மூலக்கோப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டு, மாற்றிய கோப்பில் ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் உடையாமல் வந்திருக்கின்றனவா என்று சில பக்கங்களாவது படித்துப் பாருங்கள். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தட்டச்சைப் பொறுத்தவரை தமிழ்99 விசைப்பலகை மூன்று இயங்குதளங்களிலும் கிடைப்பதால், அதைக் கற்றவர் எங்கு மாறினாலும் விரல்களைப் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

படி 7: காப்புப்பிரதி எடுங்கள்

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் விதி. வெளிவட்டை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வடிவமைத்தால் (ஃபார்மேட் செய்தால்) மூன்று தளங்களிலும் படிக்கவும் எழுதவும் இயலும். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். வட்டை மேக் படிக்கும், ஆனால் கூடுதல் மென்பொருள் இன்றி அதில் எழுதாது. ஃபேட்32 முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அடங்காது. நகலெடுத்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்: வேறொரு கணினியில் அந்த வட்டைச் செருகி, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

கோப்புறைகளுக்கு வெளியே இருப்பவற்றைத்தான் மறப்போம். பாப் முறையில் (அஞ்சல்களைச் சேவையகத்திலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) இறக்கிய மின்னஞ்சல்கள் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் புத்தகக்குறிகளையும் ஏற்றுமதி செய்யுங்கள். இரட்டை அடுக்குச் சரிபார்ப்புக்கான மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதுங்கள். விண்டோஸில் வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் வசதி இயங்கினால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் எழுதிவையுங்கள். தொடக்க அமைப்புகளை மாற்றியபின் கணினி அதைக் கேட்கலாம், அப்போது கையில் இல்லையென்றால் வட்டிலுள்ளவை அனைத்தும் பூட்டியபடியே கிடக்கும்.

படி 8: நிறுவாமல் சோதியுங்கள்

லினக்ஸுக்கு மாறுபவர்களுக்கு இது பெரும் வசதி. உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டின் கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் போன்ற கருவி கொண்டு 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். எழுதும்போது பென் டிரைவில் உள்ளவை அழிந்துவிடும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். தொடங்கியதும் வைஃபை, ஒலி, கேமரா, அச்சுப்பொறி, உறக்கநிலைக்குச் சென்று மீள்வது ஆகியவற்றைச் சோதியுங்கள். இங்கே இயங்காத ஒன்று நிறுவிய பிறகு தானாக இயங்கும் என்று நம்ப வேண்டாம். ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக்குகளில் இந்த முறை பயன்படாது.

மேக்குக்கு மாறுபவர்கள் கடையில் அல்லது நண்பரிடம் அரை மணி நேரம் அதைப் பயன்படுத்திப் பாருங்கள். கண்ட்ரோல் விசை செய்த வேலைகளைக் கமாண்ட் விசை செய்யும் என்பதே முதல் சில நாள்களின் பெரிய தடுமாற்றம்.

படி 9: மாறுங்கள்

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைப்பதானால், முதலில் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்துங்கள். அது இயங்கும்போது விண்டோஸ் தன் வட்டுப் பகுதியை முழுமையாக மூடாமல் விட்டுச்செல்வதால் லினக்ஸ் அதில் எழுத மறுக்கக்கூடும். கடிகாரம் சில மணி நேரம் தவறிக் காட்டினால் அஞ்ச வேண்டாம். கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் பொதுவாக உலகப் பொதுநேரமாகவும் கொள்வதால் வருவது அது. ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். விண்டோஸிலிருந்து மேக்குக்கு ஆப்பிளின் மைக்ரேஷன் அசிஸ்டன்ட் கோப்புகளையும் தொடர்புகளையும் கொண்டுவந்து சேர்க்கும்.

படி 10: பழைய கணினியை உடனே விட்டுவிடாதீர்கள்

குறைந்தது ஒரு மாதமாவது அதைத் தொடாமல் வைத்திருங்கள். நான்காம் படியில் எழுதிய பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வேலையும் புதிய தளத்தில் ஒரு முறையாவது செய்து முடிந்ததும் அதற்கு நேராகக் குறியிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் வரிக்கணக்கு போன்ற வேலை அதில் இருந்தால், அதையும் ஒத்திகை பார்த்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் குறி விழுந்த பிறகு, பழைய கணினியில் உரிமம் பெற்ற மென்பொருள்களின் பதிவை நீக்கி, கணக்குகளிலிருந்து வெளியேறி, இறுதியாக வட்டிலுள்ளவற்றை அழித்துவிடுங்கள். கோப்புகளைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புவது அழிப்பதாகாது, மீட்கும் மென்பொருள்கள் அவற்றை எளிதில் எடுத்துவிடும். விண்டோஸின் ரீசெட் வசதியில் வட்டை முழுமையாகத் துடைக்கும் தெரிவை இயக்கி, அது முடியும்வரை மின்னிணைப்பைத் துண்டிக்காமல் விட்டுவிடுங்கள்.