எழுதுனத ஒருக்கா சத்தமா படிங்க

மனு, வாட்ஸ்அப் மெசேஜ், எதுவானாலும் எழுதி முடிச்ச உடனே அனுப்பிறாதீங்க, சித்த நேரம் அக்கட்டால வெச்சுட்டு, ஒரு காபி குடிச்சுட்டு வந்து சத்தமா படிங்க, எங்க மூச்சு முட்டுதோ அங்க ஒரு முற்றுப்புள்ளி வெக்கோணும், அவ்வளவுதானுங்க.

எங்க மாமாவுக்கு கீழ்பவானி வாய்க்கால் தண்ணிக்கு மனு எழுதினேன். மொதல்ல இப்படி இருந்துச்சு: "தூர்வாரும் பணியானது மேற்கொள்ளப்பட்ட நிலையில் கடைமடைப் பகுதிக்கு நீரானது வந்து சேராத நிலை காணப்படுகிறது." மாமா கேட்டுப்போட்டு "ஏனுங்க மாப்ள, தண்ணி வருதா வரலியா?"ன்னாரு.

அப்பறம் 'ஆனது', 'மேற்கொள்ளப்பட்ட', 'நிலை' எல்லாத்தையும் களை எடுத்தாப்ல புடுங்கிட்டேன். "வாய்க்காலைத் தூர்வாரிவிட்டார்கள். கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை." வேலைய செஞ்சது ஆருன்னு தெரிஞ்சா 'பட்டது' போடவே வேண்டாம், இந்த ஆபீஸ் தமிழ் எனக்கு சுத்தமா ஆகாது.

வார்த்தை எடமும் பாருங்க. "பழைய தோட்டத்து கிணறு"ன்னா பழசு தோட்டமா கிணறா? "தோட்டத்துப் பழைய கிணறு"ன்னா கொழப்பமில்ல. கீழ்பவானிய "பல கிலோமீட்டர் வாய்க்கால்"னு இழுக்காம சுமார் 200 கிலோமீட்டர்னு நம்பரையே போட்டுருங்க.

ஒற்று? கஷ்டந்தான், ஆனா பாருங்க, "கீரைக்கடை"ன்னா ஈரோட்டு மார்க்கெட்ல இருக்கறது, "கீரை கடை"ன்னா மத்து எடுத்துட்டு அடுப்படிக்கு போகோணும்.