நேஷனல் கேலரியில் ஓவியம் அப்புறம், கட்டடம் முதலில்

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை லிட்டில் இந்தியாவுக்கு அடுத்தபடி சிங்கப்பூர் நேஷனல் கேலரிக்குத்தான் கூட்டிப்போவேன். "ஓவியத்தைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்?" என்று தயங்குவார்கள். தெரிய வேண்டாம். பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்து 2015இல் கலைக்கூடமான இடம் அது. கட்டடமே போதும்.

சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது அனுமதி இலவசம், ஐசியை (அடையாள அட்டையை) மறக்காதீர்கள். சுற்றுலா வருபவர்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு சால்வை கட்டாயம். உள்ளே ஏசி குளிரும்.

நீதிமன்றப் பக்கத்தில் தொடங்குங்கள். 1937இல் வைத்த அடிக்கல்லைத் தேடிப் பாருங்கள். அதன் அடியில் அந்த வருடத்துச் செய்தித்தாள்களும் நாணயங்களும் இருக்கின்றன. 3000ஆம் ஆண்டில்தான் எடுக்க வேண்டுமாம்! பிள்ளைகள் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்தது காவல் அறைகள். விசாரணைக்கு முன் கைதிகளை அடைத்துவைத்த அறைகளில் இரண்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒன்றுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பிறகு மேலே போய், குற்றவாளிக் கூண்டு இருக்கும் பழைய நீதிமன்ற அறையைப் பாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கைதிகள் வந்த வரிசையும் இதுதான். அறையின் உயரமும் மரவேலைப்பாடும் கீழிருந்து வருபவரை எப்படி மிரட்டியிருக்கும் என்பது அப்போதுதான் புரியும்.

இணைப்புப் பாலம் வழியாக நகர மண்டபத்துக்கு வாருங்கள். 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்டது இங்கேதான். இந்தப் பக்கம் ஒரே ஒரு ஓவியத்துக்கு நேரம் வையுங்கள்: சுவா மியா டீ 1959இல் வரைந்த மலாய் வகுப்பு. வட்ட மேசையைச் சுற்றிப் பல இனத்தவர் உட்கார்ந்திருக்கிறார்கள். கரும்பலகையில் "உன் பெயர் என்ன? எங்கே வசிக்கிறாய்?" என்று மலாயில் இரண்டே கேள்விகள். சுதந்திரம் வாங்கப்போகும் நாடு தன்னையே கேட்டுக்கொண்ட மாதிரி இருக்கும்.

வெளியே வந்ததும் நேராக ரயிலுக்குப் போய்விடாதீர்கள். எதிரே பாடாங் திடல். 1943 ஜூலை 5 அன்று நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டது இங்கேதான். பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்த ராணுவத்தில் சேர்ந்த நம் ஆட்கள் எத்தனையோ பேர். திடலைத் தாண்டி எஸ்பிளனேட் பூங்காவுக்கு நடந்தால், அந்த ராணுவத்தின் நினைவுச்சின்னம் இருந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.