கொசுறு கிடைக்காத ஊரில் கறிவேப்பிலை

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கினால் கறிவேப்பிலையும் கொஞ்சம் கொத்தமல்லியும் கொசுறாகப் பைக்குள் விழும். அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு இலையைச் சேர்த்து வைக்கும் பழக்கமே கிடையாது. நான் நியூ ஜெர்சிக்குப் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. விடுமுறைக்குச் சத்துவாச்சாரி வரும்போதெல்லாம், அமெரிக்கா கிளம்பும் பிள்ளைகளின் அம்மாக்கள் சூட்கேசில் எதை வைக்கலாம் என்று கேட்க வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பச்சைக் கறிவேப்பிலையை வைக்கவே வைக்காதீர்கள். அது எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துச் செடி. அதில் ஒட்டிவரும் சின்னப் பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும். விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். சொல்லாமல் மறைத்தால் அபராதமும் உண்டு.

மே மாதம் போய் இறங்கினால், பால்கனியில் நாலு தொட்டி வைத்தாலே கொத்தமல்லி, புதினா, துளசி எல்லாம் தளதளவென்று வரும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பெரும்பாலும் அக்டோபரில் முதல் உறைபனி விழும். ஒரே ராத்திரியில் துளசி கறுத்துத் தொங்கிவிடும். கொத்தமல்லி லேசான பனியைத் தாங்கும். ஜூலை வெயிலில் அது பூத்துவிட்டால் கவலைப்படாமல் ஆகஸ்ட் நடுவில் மறுபடி விதையுங்கள். புதினா மேலே காய்ந்துபோனாலும் வேர் உயிரோடு இருக்கும். வசந்தத்தில் தானே தலைகாட்டும்.

சரி, எப்படிச் சேர்த்து வைப்பது? வேலூர்க்காரருக்கு உடனே மொட்டை மாடிதான் ஞாபகம் வரும். கத்திரி வெயிலில் வத்தலும் வடகமும் போட்டு வளர்ந்த கை அல்லவா! நானும் முதல் வருடம் கொத்தமல்லியைக் கட்டிக் காயப்போட்டேன். வைக்கோல்தான் மிச்சம். கொத்தமல்லியின் வாசனை காய்ந்தால் நிற்காது. காயவைக்கத் தோதானவை புதினாவும் வெந்தயக் கீரையும்தான். காகிதப் பையில் தளர்வாகப் போட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் டப்பாவுக்குள் பூஞ்சை பிடிக்கும். சமைக்கும்போது, பச்சை இலை போடும் அளவில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

மற்றதெல்லாம் ஃப்ரீசருக்கு. கறிவேப்பிலையைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் சுத்தமாகப் போகும்வரை ஃபேன் காற்றில் விட்டு, ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்துவிட்டு மூடி வையுங்கள். தாளிக்கும்போது ஃப்ரீசரிலிருந்து நேராக எண்ணெய்க்குப் போக வேண்டும். முன்னாலேயே வெளியே எடுத்து வைத்தால் கறுத்துத் துவண்டுவிடும். எண்ணெய் தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

கொத்தமல்லியையும் புதினாவையும் பச்சை மிளகாய், இஞ்சியோடு கெட்டியாக அரைத்து ஐஸ் டிரேயில் ஊற்றுங்கள். உறைந்ததும் கட்டிகளைக் கவருக்கு மாற்றிவிடலாம். ஒரு கட்டி ஏறக்குறைய இரண்டு டேபிள்ஸ்பூன் வரும். ஜனவரியில் வெளியே பனி கொட்டும்போது ஆம்பூர் பிரியாணி ஆசை வந்தால், மசாலா வதங்கும்போது நாலு கட்டியைப் போடுங்கள். சீரகச் சம்பா அரிசிக்கு மட்டும் இந்தியக் கடைக்குப் போனால் போதும். ஃப்ரீசரில் ஃபாரன்ஹீட் கணக்கு என்பதால் 0 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். நம் கணக்கில் அது மைனஸ் 18 டிகிரி.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பூண்டையோ பச்சை இலையையோ எண்ணெயில் மூழ்கவைத்து அடுப்பு மேடையில் வைக்கக் கூடாது. ஊறுகாய் மாதிரிதானே என்று தோன்றும். ஊறுகாயைக் காப்பாற்றுவது உப்பும் புளிப்பும். வெறும் எண்ணெய்க்கு அடியில் காற்று போகாது. பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு அதுதான் வசதி. வாடையோ நிறமோ மாறாமலே ஆளைச் சாய்த்துவிடும். எண்ணெயில் போட்டதை ஃப்ரீசரில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் என்றால் நாலு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஓமவல்லியின் தடித்த இலை உறையவைத்தால் கூழாகிவிடும். ஒரு கிளையை ஒடித்துத் தண்ணீரில் போட்டு வீட்டுக்குள் வைத்தால் வேர்விடும்.

அப்புறம், கறிவேப்பிலைச் செடி வாங்கியிருந்தால் ராத்திரிக் குளிர் நம் கணக்கில் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவதற்குள் உள்ளே கொண்டுவந்து தெற்கு ஜன்னலோரம் வையுங்கள். தண்ணீரைக் குறையுங்கள். இலையெல்லாம் கொட்டி மொட்டைக் குச்சியாக நிற்கலாம். என் முதல் செடியைச் செத்துவிட்டது என்று பிப்ரவரியில் குப்பையில் போட்டேன். நீங்கள் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மே மாதம் வரைக்கும் பொறுங்கள்.