கடன் முடிஞ்சுருச்சுல்ல, இனி கதவத் தொறந்து வைங்க

கடன்லருந்து வெளிய வர்றது எப்படின்டு ஆளாளுக்கு சொல்லுவாக, வந்தப்பறம் என்ன செய்யணும்ன்டு ஒருத்தரும் சொல்ல மாட்டாக, அதான் இத எழுதுறேன். எனக்கு 54 வயசு, ஊரு ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம், எங்க வீட்டுல அவுக விசைப்படகுல கூலிக்குப் போறாக, நான் வீட்டுக்குப் பின்னாடி மல்லிகைச் செடிக்குப் பதியம் போட்டு விக்கிறேன். மூத்தவ கல்யாணம், அவுகளுக்கு முதுகு ஆபரேசன், நடுவுல ரெண்டு வருஷம் மீன்பாடு சரியில்லாமப் போனது எல்லாம் சேந்து ஏழு வருஷம் கடனோடயே குடித்தனம். போன வருஷம் கடைசிக் காசும் கட்டியாச்சு. அன்னைக்கு ஒரு சந்தோஷம் வரும்ன்டு நெனச்சேன், ஆனா சாயந்தரம் வாசல்ல பைக் சத்தம் கேட்டதும் கால் தானா அடுப்படிக்குள்ள போய் நின்னுச்சு. வந்தது கேஸ் சிலிண்டர் போடுற தம்பி.

அப்பத்தான் புரிஞ்சுச்சு, காசு தீந்தாலும் பயம் தீரல. ரெண்டையும் தனித்தனியாத்தான் அடைக்கணும்.

மொதல்ல பேப்பர். இதுல சோம்பல் பட்டுறாதீக. கைமாத்து, வட்டிக்கடன் வாங்குனப்ப எழுதிக் குடுத்த புரோநோட்டு, கையெழுத்து மட்டும் போட்ட வெத்து செக்கு, எல்லாத்தையும் திருப்பி வாங்கணும். எங்களுக்குக் குடுத்தவரு "எங்கயோ கெடக்கும்மா, நான் என்ன ஓடியா போயிருவேன், தேடி வைக்கிறேன்"ன்டு மூணு மாசம் இழுத்தாரு. நான் விடல. காலைல பால் வாங்கப் போறப்பல்லாம் அவரு வீட்டு வாசல்ல நின்னு "அண்ணே, நோட்டு"ன்டு ஒரு சத்தம் குடுத்துட்டுப் போவேன், ஏழு வருஷமா அவரு என் வாசல்ல நின்னாருல்ல, கொஞ்ச நாள் நான் அவருக்கு வட்டிக்காரியா இருந்துட்டுப் போறேன். கடைசில அவுக வீட்டம்மாவே தேடி எடுத்துக் குடுத்துட்டாக. நெசமாவே தொலஞ்சு போச்சுன்டா, முழுத் தொகையும் வாங்கிட்டேன், இன்ன தேதி நோட்டு இனி செல்லாதுன்டு எழுதி கையெழுத்தும் ரெண்டு சாட்சியும் வாங்கிருங்க. செக்கு கெடைக்கலன்டா அந்த நம்பர சொல்லி, அதுக்குக் காசு குடுக்காதீகன்டு பேங்க்ல ஸ்டாப் பேமெண்ட் எழுதிக் குடுக்கலாம்.

வீடு, மனைப் பத்திரத்த வச்சு பேங்க் லோன் வாங்கியிருந்தா, முழுசா கட்டுன 30 நாளுக்குள்ள பத்திரம் திரும்பி வரணும்ன்டு ரிசர்வ் பேங்க் ரூல் போட்டுருக்கு, அவுக பக்கம் தாமதம்ன்டா நாளுக்கு 5,000 ரூபா நமக்குத் தரணும், இது 2023 டிசம்பர்லருந்து இருக்கு. பத்திரம் கைக்கு வந்துருச்சேன்டு பீரோல வச்சுப் பூட்டிறாதீக, வில்லங்கம் போட்டுப் பாருங்க. அடமானம் பதிவாயிருந்தா அதுக்கு ரசீது ஆவணமும் பதிஞ்சாத்தான் வில்லங்கத்துல அது தீரும், இல்லன்டா நாளைக்கு புள்ளைக பேருக்கு மாத்துறப்ப அந்தப் பழைய கடன் பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கும். பதிவுத்துறை வெப்சைட்லயே வில்லங்கத்த சும்மா பாத்துக்கலாம், காசு இல்ல.

அடுத்தது சிபில், அதாவது நாம வாங்குன லோன ஒழுங்கா கட்டுனோமான்டு காட்டுற ரிப்போர்ட். வருஷத்துக்கு ஒரு தடவ முழு ரிப்போர்ட் இலவசமா எடுக்கலாம். அதுல உங்க லோனுக்கு நேர "குளோஸ்டு"ன்டு இருக்கணும். "செட்டில்டு"ன்டு இருந்தா கொறச்சுக் கட்டி முடிச்சாகன்டு அர்த்தம், அது அடுத்த லோனுக்குக் குறுக்க நிக்கும். முழுசா கட்டியும் அப்படி இருக்குன்டா நிலுவை இல்லன்டு பேங்க் குடுத்த லெட்டர வச்சு மாத்தச் சொல்லுங்க. எனக்கு இதெல்லாம் தெரியாது, சின்னவன் போன்ல காமிச்சான்.

இன்னும் பாதிக் கடன்ல இருக்கவுக இத மட்டும் செய்ங்க, ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி யாருக்கு எவ்வளவுன்டு எழுதாம எத்தன வட்டின்டு எழுதுங்க. பெரிய கடன மொதல்ல அடைக்கணும்ன்டு தோணும், தப்பு, பெரிய வட்டியத்தான் மொதல்ல அடைக்கணும். 50,000 ரூபாய்க்கு அஞ்சு வட்டின்டா மாசம் 2,500, வருஷத்துக்கு 30,000 போயிரும், முதல் அப்படியே நிக்கும். அதயே காதுல கெடக்குறத பேங்க்ல வச்சு ஒரு வட்டிக்கு மாத்துனா மாசம் 500 தான். நகைய வைக்க மனசு வராது, எனக்கும் வரல, ஆனா காதுல போட்டுக்கிட்டு வட்டி கட்டுறதுக்கு பேங்க் லாக்கர்ல அது தூங்கட்டும்ன்டு முடிவு பண்ணேன். தண்டல் இன்னும் மோசம். பத்தாயிரம்ன்டு சொல்லி 8,500 கையில குடுத்துட்டு தெனம் நூறு நூறா நூறு நாள் வாங்குவாக, பாக்க சின்னக் காசு மாதிரி இருக்கும், கணக்குப் போட்டா நூத்துக்கு மாசம் பத்து ரூபாய்க்கு மேல வந்து நிக்கும். மைக்ரோ பைனான்ஸ் கம்பெனில குழு லோன் எடுத்தவுகளுக்கு ஒண்ணு, காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயந்தரம் 6 மணிக்குப் பின்னாடியும் போன் போட்டுக் கேக்கக் கூடாது, அது ரூல். மீறுனா கம்பெனிகிட்ட எழுதிக் குடுங்க, அங்க பதில் இல்லன்டா ரிசர்வ் பேங்க்கோட 14448 நம்பருக்கு அடிச்சு எப்படி புகார் குடுக்கணும்ன்டு கேளுங்க.

சரி, திரும்ப கடன் வராம இருக்க என்ன வழி? நம்ம கடக்கரையில கடன் பொறக்குற மாசம் மே. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கெடையில கெடக்கும், அது முடியுற நேரத்துக்கு பள்ளிக்கூடம் தொறக்கும், பீஸ், நோட்டு, யூனிபார்ம். ஒவ்வொரு வருஷமும் வர்ற விருந்தாளிக்கு ஒவ்வொரு வருஷமும் கடன் வாங்கித்தான் சோறு போட்டுருக்கோம், நெனச்சா சிரிப்பா வருது. இப்ப எங்க வீட்டுல ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கு. வாரத்துக்கு மூணு நாள்தான் படகு கடலுக்குப் போகுது, காத்து மழை ஸ்ட்ரைக்குன்டு கழிச்சாலும் வருஷத்துக்கு நூறு தடவ போயிரும், போயிட்டு வந்து பங்கு பிரிச்ச அன்னைக்கு அம்பது ரூபா டப்பாவுக்கு. பாடு இருந்தாலும் அம்பது, நகரை, காரல்ன்டு மலிவு மீனு மட்டும் வந்தாலும் அம்பது. அது ஒரு 5,000. மீனவர் சேமிப்பு நிவாரணத்துல நாம 1,500 கட்டுனா அரசு 3,000 சேத்து 4,500 தரும், தடைக்கால நிவாரணம் 8,000. மொத்தம் 17,500. ரெண்டு மாசத்துக்கு ராஜபோகம் இல்லதான், ஆனா யார் வாசல்லயும் போய் நிக்க வேண்டாம். நிவாரணம் எந்தத் தேதிக்கு அக்கவுண்ட்ல விழும்ன்டு சொல்ல முடியாது, அதுனால அத நம்பி யாருகிட்டயும் தேதி சொல்லிறாதீக.

இனி மனசு சமாச்சாரம். இதச் சொன்னா சில பேரு சிரிப்பாக.

கடன் நம்மள கெழவி ஆக்கிருது. நான் 47ல ஆரம்பிச்சு 54ல முடிச்சேன், ஆனா நடுவுல எழுபது வயசுக்காரி மாதிரி நடந்தேன். விசேசத்துக்குப் போனா கடைசி வரிசை, மொய் எழுத காசு இருக்காதுன்டு பாதி விசேசத்துக்குப் போகல, யாராச்சும் சிரிச்சுப் பேசுனாக்கூட கடன் கேக்கத்தான் பேசுறாகளோன்டு ஒரு இது. கடன் முடிஞ்சப்பறமும் ஒரு நல்ல சேலை எடுக்க கை வரல, கடைக்காரரு விரிச்சுப் போடுறாரு, நான் வெலச் சீட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். அதுக்கு நான் கண்டுபிடிச்ச மருந்து ஆசைக்காசு. பதியம் வித்த காசுல நூத்துக்கு அஞ்சு ரூபா தனியா, அத அரிசிக்கோ கரண்ட் பில்லுக்கோ தொடக்கூடாது, ஆசைக்கு மட்டுந்தான், அதுவும் அந்த மாசமே செலவழிக்கணும். சேத்து வச்சா அதுவும் ஒரு கடமையாப் போயிரும். மொத மாசம் வளையல். ரெண்டாவது மாசம் ஐஸ்கிரீம், தனியா, பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு.

கடன் இருந்த காலத்துலயே அவுகளும் நானும் பேசி வச்சிருந்தோம், முடிஞ்சா ரயில்ல பாம்பன் பாலத்த தாண்டிப் போயிட்டு வரணும்ன்டு. 2022 டிசம்பர்லருந்து ரயில் இந்தப் பக்கம் வரவே இல்ல, 2025 ஏப்ரல் 6 புதுப் பாலம் தொறந்தாக, எங்க கடனும் அதுக்கப்பறம்தான் முடிஞ்சுச்சு. ராமேஸ்வரத்துல ஏறி ராமநாதபுரத்துல எறங்கி ஒரு டீ குடிச்சுட்டு அடுத்த வண்டியில திரும்பி வந்தோம், வேற ஒரு வேலையும் இல்ல. பாலத்து மேல வந்தப்ப தெனம் அந்தத் தண்ணிக்குள்ளயே கெடக்குற மனுசன் சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு "ஏய் அங்க பாருடி, கடலு"ங்குறாக. பக்கத்து சீட்டுல இருந்த பொண்ணு சிரிச்சுருச்சு.

காசே இல்லாத வழியும் இருக்கு. தடைக்காலத்துல மத்தியானம் எங்க தெருப் பொம்பளைங்க வேப்ப மரத்தடியில சொட்டாங்கல் ஆடுறோம். கல்லு கடக்கரையில பொறுக்குனது, அஞ்சும் ஒரே கனமா இருக்கணும், அதத் தேடவே ஒரு நாள் ஆகும். மேல போட்ட கல்லு கீழ வர்றதுக்குள்ள தரையில கெடக்குறத அள்ளணும், அந்த நேரத்துல வேற ஒரு நெனப்பும் உள்ள வராது, வட்டி, பீஸ், மருமகன், ஒண்ணும் வராது. மொதல்ல வெரலு வளையல, ஒரு வாரம் ஆச்சு. வயசானவுக ஆடுறாகளேன்டு போற வர்ற பையங்க கிண்டல் பண்ணுவாக, பண்ணட்டும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கடன் முடிச்சவுகன்டு ஊருக்குத் தெரிஞ்சதும் ஜாமீன் கையெழுத்து கேட்டு வருவாக. சொந்தக்காரவுகதான் வருவாக, அழுதுக்கிட்டே வருவாக. ஜாமீன் போட்டா அவுக கட்டலன்டா நம்மதான் கட்டணும், நம்ம சிபில்லயும் ஏறும். முடியாதுன்டு நேரா சொல்ல வராதவுக என்னய மாதிரி பண்ணுங்க. போன வாரம் ஒரு மதினி வந்தாக. டீ போட்டுக் குடுத்தேன், என்ன கஷ்டம்ன்டு முழுசும் கேட்டேன், நம்ம நோட்ட எடுத்துக் காமிச்சு அவுக கடனையும் வட்டி வாரியா எழுதிக் குடுத்தேன், ஆசைக்காசுல மிச்சமிருந்த 300 ரூபாயத் திருப்பித் தர வேணாம்ன்டு சொல்லிக் கையில வச்சேன். கையெழுத்து மட்டும் போடல. மூஞ்சி கொஞ்சம் சுருங்குச்சு. "ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போங்க மதினி"ன்டு கல்லக் குடுத்தேன், ரெண்டு ஆட்டம் ஆடுனாக, ரெண்டுலயும் என்னயத் தோக்கடிச்சுட்டுத்தான் எந்திரிச்சாக.